சட்டத்திலிருந்து பாகங்களைக் காயப்படாமல் பிரிப்பது எப்படி? பிளாஸ்டிக் மாதிரி கட்டுவோர் விவாத இழை

மண்டபம்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கப்பல் மாதிரிகளைக் கட்டி வருகிறேன். இப்போது என் மேசையில் இருப்பது 1/350 அளவிலான எம்டன். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன கப்பல் அது. அதன் பெயர் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டதால், அதை என் கையால் ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும் என்று சிறுவயது முதலே விரும்பியிருந்தேன். உண்மைக் கப்பல் 118 மீட்டர் நீளம். இந்த அளவில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் வருகிறது. அதில் இருந்த, 10.5 சென்டிமீட்டர் வாய்விட்டம் கொண்ட பத்துப் பீரங்கிகளின் குழல்கள் மாதிரியில் 12 மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் கொண்டவை.

அந்தப் பத்தில் இரண்டை நேற்று ஒடித்துவிட்டேன். குழலைச் சட்டத்தோடு (பாகங்கள் எல்லாம் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டகம்) இணைக்கும் காம்பை நிப்பரால் (சிறு வெட்டுக் குறடு) வெட்டினேன். வெட்டிய இடம் சரியாகவே வெட்டுப்பட்டது. ஆனால் அதே நொடியில் குழல் நடுவில் ஒடிந்து, ஒரு துண்டு சன்னல் பக்கம் தெறித்துப் போய்விட்டது. இன்னும் இரண்டு குறைகளும் உள்ளன. மேல்தளச் சுவர்களில் காம்பு இருந்த இடம் வெளுத்துப்போகிறது. சில இடங்களில் கத்தியால் சீவும்போது விளிம்பிலேயே சிறு பள்ளம் விழுந்துவிடுகிறது.

என்னிடம் உள்ளவை ஒரு நகவெட்டி, கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வாங்கிய சாதாரண நிப்பர், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் முனை ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர், தச்சு வேலைக்கான உப்புத்தாள் ஆகியவை மட்டுமே. மீதியுள்ள எட்டுக் குழல்களைத் தொடுவதற்கு முன் உங்கள் அறிவுரையைக் கேட்க விரும்புகிறேன். கருவி தவறா, கை தவறா என்று எனக்கு விளங்கவில்லை.

உச்சிப்புளி வானம் எழுதியது:

அண்ணா, வணக்கம். நான் ஜப்பானிய இயந்திர மனிதர்களின் மாதிரிகளைக் கட்டுபவன். என் அனுபவத்தில் இதற்கு விடை நேரானது: ஒற்றை அலகு நிப்பர் ஒன்றை வாங்கிவிடுங்கள். சாதாரண நிப்பரில் இரண்டு அலகுகளும் கூர்மையாக இருந்து, இரு புறமிருந்தும் பிளாஸ்டிக்கை நசுக்கிக்கொண்டே சந்திக்கும். ஒற்றை அலகு நிப்பரில் ஒரு பக்கம் மட்டுமே கூரான மெல்லிய அலகு. மறுபக்கம் காம்பைத் தாங்கிப் பிடிக்கும் தட்டையான பட்டை. வெட்டிய முகம் கண்ணாடி போல வழவழப்பாக வரும். காட்ஹேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நிப்பர் இதில் பெயர்பெற்றது. விலை சில ஆயிரங்கள் ஆகும் என்பது உண்மைதான்; ஆனால் அதை வாங்கிய பிறகு என் வேலையே மாறிவிட்டது.

தொண்டி மாலுமி எழுதியது:

மண்டபத்துத் தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் கப்பல்களின் இயந்திர அறையில் பணிபுரிந்து, இப்போது தொண்டியில் ஓய்வில் இருப்பவன் நான். உங்கள் குழல்கள் ஒடிந்ததற்கு நிப்பரின் விலை முதற்காரணம் அன்று. அந்த ஒற்றை அலகு நிப்பரைக் கையில் கொடுத்திருந்தாலும், நீங்கள் விவரித்த முறையில் வெட்டியிருந்தால், குழல் ஒடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காரணத்தை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் வழியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

எங்கள் பக்கத்து இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். மாதிரி செய்யும் எஃகு அச்சும் அப்படிப்பட்டதுதான். உருக்கிய பாலிஸ்டைரீன் பெரும் அழுத்தத்தில் வாய்க்கால்கள் வழியே ஓடி, குறுகிய மடைகளைக் கடந்து, வயல்களைப் போன்ற பாகக் குழிகளை நிரப்புகிறது. குளிர்ந்து இறுகிய பின் வாய்க்காலில் நின்ற பிளாஸ்டிக்கே நாம் சட்டம் என்று சொல்வது. மடையில் நின்றது காம்பு. ஆகவே சட்டம், காம்பு, பாகம் மூன்றும் ஒரே உடம்பு. அவற்றுள் சட்டம் தடித்தது, விறைப்பானது.

இப்போது நிப்பரின் அலகைப் பாருங்கள். அது ஓர் ஆப்பு. ஆப்பு மரத்தில் இறங்கும்போது மரத்தை இரு பக்கமும் தள்ளுவது போல, அலகு காம்பில் இறங்கும்போது தன் தடிமன் அளவுக்குப் பிளாஸ்டிக்கை இரு பக்கமும் தள்ளியே ஆக வேண்டும். ஒரு பக்கம் தடித்த சட்டம் இருக்கிறது, அது நகராது. அப்படியானால் அந்தத் தள்ளல் முழுவதும் பாகத்தின் பக்கமே போகும். உங்கள் குழல் மறுமுனையிலும் இன்னொரு காம்பால் அதே சட்டத்தில் பிணைக்கப்பட்டிருந்தது என்று ஊகிக்கிறேன். இரு முனையும் கட்டப்பட்ட மெல்லிய குச்சியை ஒரு முனையிலிருந்து நெட்டித் தள்ளினால் அது நடுவில் வளையும். வளைய இடமில்லாவிட்டால் ஒடியும். உங்கள் வெட்டு சரியாக விழுந்தும் குழல் ஒடிந்ததன் பொருள் இதுதான்.

எனவே மெல்லிய பாகங்களில் காம்பை முதலில் தொடவே கூடாது. பாகத்தைச் சுற்றியுள்ள சட்டத்தை, பாகத்திலிருந்து நன்கு தள்ளி, துண்டு துண்டாக வெட்டி நீக்குங்கள். வேலை முடியும்போது குழலும், அதன் ஒவ்வொரு காம்பின் முனையிலும் ஒட்டியிருக்கும் சிறு சட்டத் துண்டும் மட்டுமே உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போது ஒரு காம்பை வெட்டினால், தள்ளப்படும் சட்டத் துண்டு விலகிப் போவதற்கு இடம் இருக்கிறது; குழலின் மீது பாரம் விழாது. குழலில் வாய்ப்பக்கக் காம்பை முதலிலும், நடுக்காம்பை அடுத்தும், தடித்த அடிப்பக்கக் காம்பை இறுதியிலும் வெட்டுங்கள். அதுவரை அடிப்பக்கத்தில் ஒட்டிய சட்டத் துண்டே உங்களுக்குக் கைப்பிடி.

அடுத்தது, நிப்பரைப் பிடிக்கும் பக்கம். அலகுகளின் ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் சரிவாகவும் இருக்கும். தட்டை முகம் எப்போதும் பாகத்தைப் பார்க்க வேண்டும். இதை மாற்றிப் பிடிப்பவர்கள் பலர். ஆப்பின் சரிவு முழுவதையும் பாகத்தின் மீதே ஏவுகிறார்கள்.

மூன்றாவதாக, ஒரே வெட்டில் பாகத்தின் தோலை ஒட்டி வெட்டிவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். முதல் வெட்டு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாம் வெட்டு அரை மில்லிமீட்டர் முளையை விட்டு. மீதியைக் கத்தியும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வெட்டின்போது முளைக்கு அப்பால் சட்டம் இல்லாததால், வெட்டுப்படும் துணுக்கு தானாக வெளியே விலகும். முதல் வெட்டுக்கு உங்கள் நகவெட்டியே போதும். ஆனால் அதன் அலகு வளைந்தது என்பதால் இரண்டாம் வெட்டுக்கு உதவாது.

கடைசியாக, மெதுவாக அழுத்துங்கள். 'டக்' என்ற ஓசையோடு வெட்டுவது ஓர் அடி கொடுப்பதற்குச் சமம். அலகு காம்பில் இறங்குவதை விரல் உணரும் அளவுக்கு நிதானமாக அழுத்தினால், பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்க நேரம் கிடைக்கும்.

மண்டபம்வாசி எழுதியது:

ஐயா, நீங்கள் ஊகித்தது முழுக்கச் சரி. குழலின் இரு முனையிலும் காம்பு இருந்தது. நான் சட்டத்தைத் தொடவேயில்லை. நிப்பரையும் சரிவு முகம் பாகத்தைப் பார்க்கும்படியே பிடித்திருக்கிறேன். ஓர் ஐயம் மட்டும். கொடிக்கம்பம் போன்ற சில பாகங்களில் காம்பே பாகத்தைவிடத் தடிமனாக இருக்கிறது. சட்டத்தை விலக்கிய பிறகும் அங்கே நிப்பரை வைக்கக் கை நடுங்குகிறது.

கீழக்கரைப் பட்டறை எழுதியது:

அந்த இடத்தில் நிப்பரே வேண்டாம். நான் நகைப் பட்டறையில் வேலை செய்பவன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மன்னார் வளைகுடாச் சங்கை வங்காளத்துக்கு அனுப்பிய காலத்தில், அங்கே அதை வளையலாக்கியவர்கள் உடைத்து எடுக்கவில்லை, அறுத்தே எடுத்தார்கள். நொறுங்கக்கூடிய பொருளை அறுக்க வேண்டும், நறுக்கக் கூடாது. அறுவையில் ஒவ்வொரு பல்லும் துளியளவு பொருளைத் தூளாக்கி வெளியே கொண்டுவந்துவிடுவதால், ரம்பம் ஆப்பாக வேலை செய்வதில்லை. பொருள் பக்கவாட்டில் தள்ளப்படுவதும் இல்லை. தொண்டி ஐயா சொன்ன பாரம் இங்கே பிறப்பதே இல்லை.

மாதிரி கட்டுவோருக்கென்றே காகிதத் தடிமனில் சவர அலகு போன்ற ரம்பங்கள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால், நகை வேலைக்கு வில்லில் பூட்டி அறுக்கும் ரம்ப இழையை வாங்குங்கள். 4/0 என்ற எண் போதும்; அதன் தடிமன் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. பற்கள் கைப்பிடியை நோக்கி இருக்கும்படி பூட்டி, இழுக்கும்போது மட்டும் வெட்டுமாறு, எடையே இல்லாமல் இழுக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகிப் பற்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ரம்பம் சிக்கிப் பாகத்தையே இழுத்து ஒடிக்கும். பத்து இழுப்புக்கு ஒருமுறை நின்று, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிடுங்கள்.

பாகத்தைக் காற்றில் பிடித்துக்கொண்டு அறுக்காதீர்கள். ஒரு மரத்துண்டின் மேல் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, அதன் பிசுக்கை விரலால் இரண்டு மூன்று முறை தொட்டுக் குறைத்துவிட்டு, பாகத்தை அதன் நீளம் முழுவதும் படியும்படி வையுங்கள். எங்கள் பட்டறையில் மெல்லிய வேலைகளை அரக்கில் பதித்துச் செய்வதும் இதே காரணத்துக்காகத்தான். முழு நீளமும் தாங்கப்பட்டிருக்கும் பொருள் எளிதில் ஒடியாது.

உச்சிப்புளி வானம் எழுதியது:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்லும் ரம்பத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தொண்டி ஐயா கருவியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதை ஏற்க முடியவில்லை. நீங்கள் எல்லோரும் வண்ணம் பூசுபவர்கள். எங்கள் வகை மாதிரிகளில் பிளாஸ்டிக்கே நிறம். பலர் வண்ணம் பூசுவதில்லை. வெளுப்போ தழும்போ விழுந்தால் அதை மறைக்க எதுவும் இல்லை. கருநீலப் பாகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தால் ஓர் அடி தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். முறையை எவ்வளவு கவனமாகக் கையாண்டாலும், மழுங்கிய தடித்த அலகு நசுக்கவே செய்யும். உற்பத்தியாளர்களே இதை உணர்ந்துதான், முலாம் பூசிய பாகங்களில் காம்பை வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் அமைக்கிறார்கள்.

பாம்பன் காற்று எழுதியது:

இந்த வெளுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டும். பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை செய்வதால், பிளாஸ்டிக்கைச் சீவுவதும் மெருகேற்றுவதும் என் அன்றாடப் பணி.

வெளுப்பு என்பது வெளியிலிருந்து ஒட்டிய நிறம் அன்று. பிளாஸ்டிக்குக்கு உள்ளே நேர்ந்த காயம். அளவுக்கு மீறி இழுபட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெற்றிடங்கள் ஏராளமாகத் திறந்துகொள்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. நுரை வெள்ளையாகத் தெரிவதும் இப்படித்தான். ஆகவே மேலோட்டமாகத் தேய்த்தால் அது போகாது; காயம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும். இலேசான வெளுப்பாக இருந்தால், நகத்தின் முதுகால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தாலே பெரிதும் மங்கிவிடும்; வெற்றிடங்கள் ஓரளவு மூடிக்கொள்கின்றன. இதனால்தான் அரை மில்லிமீட்டர் முளையை விடச் சொல்கிறார்கள். நசுங்கலும் இழுபடலும் அந்த முளைக்குள்ளேயே நின்றுவிட வேண்டும். பாகத்தின் தோலுக்குள் இறங்கக் கூடாது. முளையைச் சீவும்போது காயமும் அதோடு போய்விடும்.

மண்டபத்து அண்ணனின் பள்ளங்களுக்குக் காரணம் அந்த ஒடிக்கும் கட்டர்தான் என்று நினைக்கிறேன். அதன் தகடு அகலமானது, நெளியக்கூடியது. எங்கே இறங்குகிறது என்று கைக்குத் தெரியாது. மருந்துக்கடையில் 11-ஆம் எண் அறுவை அலகும், அதற்குப் பொருந்தும் 3-ஆம் எண் கைப்பிடியும் கேளுங்கள். இவ்வளவு கூர்மையை இந்த விலையில் வேறெங்கும் வாங்க முடியாது. அலகை வெறும் விரலால் மாட்டாமல் குறடால் பிடித்து மாட்டுங்கள். முளையை ஒரே தள்ளலில் சீவ முயன்றால் கத்தி உள்ளே பாயும். வெங்காயச் சருகு போல மூன்று நான்கு மெல்லிய சீவல்களாக எடுங்கள். கடைசிச் சருகை மீதி விட்டுவிடுங்கள். கத்தி போகும் வழியில் கட்டைவிரல் இருக்கக் கூடாது.

பிறகு உப்புத்தாள். தச்சு வேலைத் தாள் இதற்கு மிகவும் சொரசொரப்பானது. வண்ணக் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால், கறுப்பு நிறத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள் தருவார்கள். 600, 800, 1000 என்ற வரிசை வண்ணம் பூசும் வேலைக்குப் போதும். வண்ணம் பூசாதவர்கள் 1500, 2000 வரை போக வேண்டும். ஒவ்வொரு எண்ணும் முந்தைய எண்ணின் கீறல்களை அழிப்பதற்காகவே இருப்பதால், நடுவில் ஒன்றைத் தாவினால் கீறல் தங்கிவிடும். அது வண்ணத்துக்கு அடியிலிருந்துகூட எட்டிப் பார்க்கும். தாளை விரலில் சுற்றித் தேய்த்தால் தட்டையான முகம் குழிந்துவிடும். ஐஸ் குச்சியில் ஒட்டித் தேயுங்கள்.

கப்பலின் உடல், விமானத்தின் உடல் போல இரு பாதிகளாக வரும் பாகங்களில், ஒட்டும் விளிம்பிலேயே காம்பு இருக்கும். அங்கே அரை மில்லிமீட்டர் முளை மிஞ்சினாலும் இரு பாதிகளும் பொருந்தாமல் இடைவெளி விடும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தாளைப் பரப்பி, பாகத்தையே அதன் மேல் வைத்து இலேசாகத் தேய்த்தால் விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்துக்கு வரும்.

ஒளி ஊடுருவும் பாகங்களுக்கு இந்த விதிகள் போதா. சாதாரணப் பாகங்களின் பிளாஸ்டிக்கில் ரப்பர் கலந்திருப்பதால் அவை வளைந்து கொடுக்கும். விமானி மேல்மூடி போன்ற தெளிந்த பாகங்களில் அந்தக் கலப்பு இல்லை. அங்கே நிப்பர் வைத்தால் வெளுப்பு வராது. அதைவிடக் கொடியதாக, காம்பிலிருந்து பாகத்துக்குள் விரிசல் ஓடிவிடும். அதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. அத்தகைய பாகத்தை முதலில் டேப்பால் மூடி, கீறல் படாமல் காத்துக்கொண்டு, காக்கா சொன்னது போல ரம்பத்தால் மட்டுமே அறுங்கள். முளையை முழுக்க உப்புத்தாளாலேயே கரையுங்கள்.

தொண்டி மாலுமி எழுதியது:

அம்மா, தெளிவாக எழுதினீர்கள். உச்சிப்புளித் தம்பிக்கு ஒரு சொல். வண்ணம் பூசாத மாதிரிகளில் வெட்டு முகத்தின் தரம் முதன்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவரிடம் விலையுயர்ந்த நிப்பரை முதலில் சொன்னால், அவர் அதைக்கொண்டே சட்டத்தையும் வெட்டுவார், வெட்டும்போது முறுக்குவார். அந்த மெல்லிய அலகு ஒரே வாரத்தில் பொரிந்துவிடும். அதைக் காம்புக்கு மட்டும், அதுவும் இரண்டாம் வெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் இரு நிப்பர்களையும் ஒரே சட்டத்தில் வைத்துப் பார்த்து எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். பாகங்களின் எண் அச்சிட்ட சிறு பட்டைகள் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றில் சோதிக்கலாம். பாகம் எதுவும் வீணாகாது.

உச்சிப்புளி வானம் எழுதியது:

ஐயா, நேற்று இரவு உட்கார்ந்து செய்து பார்த்தேன். ஒரே கருநீலச் சட்டத்தில் எண் பட்டைகளை நான்கு விதமாக வெட்டி, உருப்பெருக்கியில் பார்த்தேன்.

சாதாரண நிப்பரால் ஒரே வெட்டில் ஒட்டி வெட்டியவை அனைத்திலும் வெளுப்பு தோலுக்குள் இறங்கியிருந்தது. ஒற்றை அலகு நிப்பரால் ஒரே வெட்டில் வெட்டியவை பார்வைக்கு நன்றாக இருந்தாலும், தடித்த பட்டைகளில் ஓரமாக மெல்லிய வெளுப்பு இருந்தது. இத்தனை நாள் இதை நான் கவனிக்கவே இல்லை. சாதாரண நிப்பரால் இரண்டு வெட்டாக வெட்டி, கத்தியால் சீவி, 2000 வரை தேய்த்தவை, ஒற்றை அலகு நிப்பரின் ஒரே வெட்டைவிடச் சுத்தமாக இருந்தன. ஒற்றை அலகு நிப்பரால் இரண்டாம் வெட்டை வெட்டியபோது மட்டும், சீவும் வேலையும் தேய்க்கும் வேலையும் பாதிக்கு மேல் குறைந்தன.

ஆகவே என் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன். நல்ல நிப்பர் நேரத்தைச் சேமிக்கிறது. இருநூறு முந்நூறு பாகங்கள் உள்ள மாதிரியில் அது சிறிய செய்தி அன்று. ஆனால் வெட்டும் முறையின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது. அண்ணா, எம்டனுக்கு இப்போது நிப்பர் வாங்க வேண்டாம். ரம்பமும் அறுவை அலகும் வாங்குங்கள்.

இன்னொரு கேள்வி. என் ஒற்றை அலகு நிப்பரின் விளிம்பில் மூன்றே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிட்டன. எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். சென்னையில் இருக்கும் நண்பரின் நிப்பர் புதிதாகவே இருக்கிறது. எதைத் தவறாகச் செய்கிறேன்?

பாம்பன் காற்று எழுதியது:

நம் கரையில் இருப்பவர்கள் எல்லோரும் படும் பாடு இது, தம்பி. 1914-இல் திறந்த நம் பழைய பாம்பன் பாலத்துக்குத் தொடர்ந்து வண்ணம் பூசிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பெரிய இரும்பையே அரித்த காற்று, தாள் போல மெலிந்த உங்கள் அலகை விட்டுவைக்குமா? கூர்மையான விளிம்பில் இரும்பே மிகச் சிறிதளவுதான் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி துரு விழுந்தால் விளிம்பு பல்லாகிவிடும், பிறகு அது வெட்டாது, கிழிக்கும்.

நீங்கள் எண்ணெய் தடவுவது சரி; ஆனால் உப்பின் மேலேயே தடவுகிறீர்கள். கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்பு அலகில் படிகிறது. உங்கள் விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் எண்ணெயைப் பூசினால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியது போலாகும். வேலை முடிந்ததும் முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் அலகைத் துடையுங்கள். அது உலர்ந்த பிறகு தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி பூசுங்கள். கீலிலும் ஒரு துளி விடுங்கள். மறுநாள் வெட்டுவதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பாகத்தில் எண்ணெய் ஒட்டினால் அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காது.

காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கருவிகளை வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள்; இளஞ்சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அந்த நீலத்தில் கோபால்ட் சேர்ந்திருப்பதால், சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. அறுவை அலகுகளில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என்று இருவகை உண்டு. நம் பக்கத்துக்கு இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேய்த்த பாகங்களை ஆழ்குழாய் நீரில் அலசாதீர்கள். நம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பானது. உலர்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். அதை வெளுப்பு என்று எண்ணி நான் ஒரு விமான இறக்கையை அளவுக்கு மீறித் தேய்த்துக் கெடுத்திருக்கிறேன். சுத்திகரித்த குடிநீர் ஒரு கிண்ணம் போதும்.

மண்டபம்வாசி எழுதியது:

பத்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். எட்டுக் குழல்களும் முழுமையாகப் பிரிந்துவிட்டன.

ஐந்து குழல்களைத் தொண்டி ஐயா சொன்ன வரிசையில், சட்டத்தை முதலில் துண்டாக்கி, பழைய நிப்பராலேயே எடுத்தேன். நிப்பரைத் திருப்பிப் பிடித்ததும் கைக்குத் தெரிந்த வேறுபாட்டை எழுத்தில் சொல்வது கடினம். முன்பு ஒவ்வொரு வெட்டிலும் பாகம் துள்ளியது, இப்போது சட்டத் துண்டுதான் துள்ளி விழுகிறது. காம்பு தடித்திருந்த மூன்று குழல்களையும் கொடிக்கம்பத்தையும் காக்காவின் முறைப்படி டேப்பில் படுக்கவைத்து ரம்பத்தால் அறுத்தேன். ஒரு குழலுக்கு ஏறத்தாழ கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தை நான் இழப்பாகக் கருதவில்லை. எங்கள் வீட்டில் கடற்காற்று சன்னல் வழியே நேராக மேசைக்கு வரும் என்பதால், தெறிக்கும் துண்டுகள் தொலையாமல் இருக்க, ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரு கைகளையும் விட்டுக்கொண்டு வெட்டினேன். இது நல்ல பலன் தந்தது.

ஒடிந்த இரண்டு குழல்களுக்கும் அதே சட்டமே கைகொடுத்தது. ஒரு சட்டத் துண்டின் நடுப்பகுதியை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றிக்கொண்டே காட்டி, அது இளகித் தொய்ந்ததும் சுடரிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் சீராக இழுத்தால், விரும்பிய தடிமனில் கம்பி போல நீள்கிறது. வேகமாக இழுத்தால் மெல்லியதாகவும், மெதுவாக இழுத்தால் தடித்ததாகவும் வருகிறது. ஆறேழு முறை இழுத்து, அவற்றில் இரண்டைத் தேர்ந்து 12 மில்லிமீட்டருக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

மேல்தளச் சுவரில் விழுந்த பள்ளங்களை எப்படி நிரப்புவது என்பது மட்டுமே மிச்சம். கடையில் விற்கும் புட்டியை (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துத் தேய்த்தபோது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேய்கிறது, புட்டி வேறு வேகத்தில் தேய்கிறது. மீண்டும் பள்ளம் தெரிகிறது.

கீழக்கரைப் பட்டறை எழுதியது:

அதற்கும் சட்டத்தையே கேளுங்கள். சட்டத்தைப் பொடித்துண்டுகளாக வெட்டி, கால் குப்பி அளவு இருக்கும் நீர்த்த மாதிரிப் பசையில் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். பசையில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவரும். அதைப் பள்ளத்தில், மட்டத்துக்குச் சற்றே மேடாக வையுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது அது சுருங்கும் என்பதால் அந்த மேடு தேவை. உலர்ந்த பின் அதுவும் அதே பிளாஸ்டிக்தான். ஒரே வேகத்தில் தேயும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்த ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது. இரண்டு நாட்கள் முழுதாக விடுங்கள். ஒரே நாளில் தேய்த்தால் மேலே இறுகி உள்ளே இளகி இருக்கும். பிறகு அந்த இடம் மீண்டும் உள்வாங்கும்.

மண்டபம்வாசி எழுதியது:

நன்றி, காக்கா. குப்பியை இன்று இரவே மூடி வைக்கிறேன். எண் பட்டைகள் உள்ள சட்டத் துண்டுகளை மட்டும் இதில் போடாமல் விடுகிறேன். புகைபோக்கிகளின் பாகங்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை, எது எந்த எண் என்று அவற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.